வைத்தியசாலைத் துப்புரவு ஊழியருக்கு எந்தப் பயிற்சி சரி? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

கல்முனைப் பக்கத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு ஊழியரை மேற்பார்க்கும் ஓவசியராக இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அக்கா, கையில கொஞ்சம் பயிற்சிக் காசு இருக்கு. ஹோல் எடுத்து எல்லாருக்கும் ஒருநாள் செமினார் வைக்கட்டா? இல்லாட்டி வேற ஏதும் வழி இருக்கா?" அதே கிழமை, மட்டக்களப்பு டவுனில் 12 துப்புரவு ஊழியர்களோடு சிறிய தனியார் வைத்தியசாலை நடத்தும் ஒருவரும் பேசினார். கிளீனிங் கொம்பனியிடமே பயிற்சிப் பொறுப்பையும் கொடுத்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டு பேருக்கும் போனில் சொன்னது போதவில்லை என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாகக் கிழக்கில் பல வருடம் வேலை செய்தவள் நான். கீழே வரும் நான்கு வழிகளையும் ஏதோ ஒரு காலத்தில் செய்தோ, செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தோ இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் சொன்ன கணக்கு இது: வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று பிடிக்கிறது. பணக்கார நாடுகளில் அது 7 பேர். அப்படித் தொற்றுப் பிடித்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். இதற்கெல்லாம் கட்டில் கம்பிதான் காரணம் என்று சொல்ல முடியாது. கை கழுவாதது, கத்தீட்டர் (உடலுக்குள் செலுத்தும் குழாய்), ஊசி என்று பல வழிகள் உண்டு. ஆனால் அஸினெட்டோபாக்டர், எம்ஆர்எஸ்ஏ போன்ற கிருமிகள் காய்ந்த மேற்பரப்பில் சில நாட்களிலிருந்து பல மாதங்கள் வரை உயிரோடு இருக்கும். நேற்று வீட்டுக்குப் போன நோயாளியின் கிருமி, இன்று அதே கட்டிலில் படுப்பவருக்காகக் காத்திருக்கிறது. அதைத் துடைத்து எடுப்பவர் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. மாதச் சம்பளம் மிகக் குறைந்த அந்த அக்காதான்.

எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்க முதல், எதைக் கேட்டு முடிவெடுப்பது என்று தெளிவாக்கிக்கொள்வோம். நான் கேட்பவை இவை.

மூன்று மாதம் கழித்துக் கை மாறியிருக்குமா? சேர்டிபிகேட் கைக்கு வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. தொண்ணூறாம் நாள் காலையில், யாரும் பார்க்காதபோது, அதே துணியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறாரா என்பதே கேள்வி.

புதிதாக வருபவருக்கு எப்போது பயிற்சி கிடைக்கும்? துப்புரவு வேலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து வரும் சிலர் சொல்லாமலே நின்றுவிடுவார்கள், அந்த இடத்துக்குத் திங்கட்கிழமை புது முகம் வரும். வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பயிற்சி அந்தப் புது முகத்தைத் தொடாது.

அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா? சுற்றறிக்கையும் போஸ்டரும் சிங்களத்தில் அல்லது இங்கிலிஷில் வந்து சுவரில் ஒட்டப்படுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தமிழில் இருந்தாலும், நான்காம் வகுப்போடு நின்ற ஒருவரால் அதை வாசிக்க முடியாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தாரும் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

ஊழியரைப் பாதுகாக்கிறதா? நோயாளிக்குத் தொற்று வராமல் தடுப்பது மட்டும்தான் பயிற்சி என்று நினைத்தால் பாதி வேலைதான் முடிந்தது.

கடைசியாகச் செலவு. காசு மட்டும் செலவில்லை. வார்டிலிருந்து எடுக்கும் மணித்தியாலமும் செலவு.

வழி 1: மண்டபத்தில் ஒருநாள் செயலமர்வு

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஏற்பாடு செய்வது லேசு. நுண்ணுயிரியல் நிபுணரை ஒருநாள் அழைக்கலாம், அறிக்கையில் "40 பேர் பயிற்சி பெற்றனர்" என்று எழுதலாம், போட்டோவும் இருக்கும். ஊழியர்களுக்கும் அது ஒரு கௌரவம். தங்களை ஒரு கதிரையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஒரு நிபுணர் நேரே பேசுகிறார் என்பது சிலருடைய வாழ்க்கையில் முதல் முறை நடப்பது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் கை மாறுகிறதா என்று கேட்டால், இல்லை. ஒரு வைத்தியசாலையில் நானே அப்படி ஒரு செயலமர்வை நடத்தினேன். குளோரின் கிருமியைக் கொல்லும் என்று சொன்னோம். கழிவறை கழுவும் அமிலத் திரவமும் கிருமியைக் கொல்லும் என்று சொன்னோம். இரண்டு வாரத்தில் ஓர் அக்கா இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினார். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லாக் கொல்லும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? குளோரினோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்து, இருமி இருமி, ஓபிடியில் ஒக்சிஜன் பிடிக்க வேண்டி வந்தது. பாடம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், அதனால் பிழையும் எங்களுடையது. ஆறு மணித்தியாலப் பேச்சில் அந்த ஒரு வாளியைக் காட்ட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

மறைவான செலவையும் கணக்குப் பாருங்கள். 40 பேரை ஆறு மணித்தியாலம் எடுத்தால் 240 மணித்தியாலம் வார்டு துப்புரவில்லாமல் நிற்கும். அதை ஈடுசெய்ய ஓவர்டைம் கொடுக்க வேண்டும், அல்லது அன்று யாரோ இரட்டை வேலை செய்ய வேண்டும். நைட் டியூட்டி முடித்து நேரே வந்தவர் பின்வரிசையில் தூங்குவார். நோன்பு மாதத்தில் பிற்பகலில் வைத்தால் இன்னும் கஷ்டம்.

இந்த வழி எப்போது சரி? புதிய விதியோ, புதிய நிறக் குறியோ வரும்போது எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தால் சரி. வேறு ஒரு தொடர் பயிற்சிக்குத் தொடக்க நாளாகவும் வைக்கலாம். தனியே இதை மட்டும் வைத்து வருடத்தை ஓட்ட நினைத்தால், தேநீருக்கும் பைலுக்கும் காசு செலவழிந்ததாகத்தான் முடியும்.

வழி 2: ஒப்பந்தக் கொம்பனியே பயிற்சி கொடுப்பது

நிர்வாகிக்கு இது தலையிடி இல்லாத வழி. ஆட்களை அவர்களே எடுக்கிறார்கள், அவர்களே பழக்குகிறார்கள். கொம்பனியின் மேற்பார்வையாளர் வைத்தியசாலை வேலையில் பழகியவராக இருந்தால் உண்மையிலேயே நன்றாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன். மெஷின் ஓட்டுவது, நீண்ட நடைபாதை, வெளிவளவு, வடிகான், கண்ணாடி இவற்றில் அவர்களுக்கு நம்மைவிடக் கைப்பழக்கம் அதிகம்.

சிக்கல் வேறு இடத்தில். பல கொம்பனிகளின் ஆட்கள் அலுவலகத்திலோ ஹோட்டலிலோ பழகி வருகிறார்கள். பாசிக்குடா ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்த பிள்ளை கட்டிலை விரிக்கும் அழகைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் ஹோட்டலில் கண்ணுக்குத் தெரிவதைச் சுத்தம் செய்ய வேண்டும், இங்கே கை படும் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தரை பளபளக்கும், சேலைன் ஸ்டாண்டின் நடுப்பகுதியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதோடு, டெண்டரில் எழுதாத எதையும் கொம்பனி செய்யாது. செய்யும்படி வற்புறுத்தவும் முடியாது. வேலைக்கு வர முதல் எத்தனை மணித்தியாலப் பயிற்சி, யார் கொடுப்பது, புது ஆள் எத்தனை நாள் பழகியவரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஒரு வார்டுக்கு எத்தனை துணி, ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசிக்கு யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், "அவங்க உங்கட ஆள், நீங்க பழக்குங்க" என்று நாங்களும், "உங்கட வார்டு, நீங்க பழக்குங்க" என்று அவர்களும் சொல்லிக்கொண்டு நிற்போம். நடுவில் அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் ஐசியுக்குள் மொப்போடு நிற்கும். இதற்கும் மேலாக, விலை குறைந்த டெண்டரில் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான்.

வழி 3: வார்டிலேயே, கட்டிலருகே, சிறிது சிறிதாக

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. அதனால் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியோ, அதற்கென்று பழகிய வார்டுத் தாதியோ, நாலைந்து பேரை எடுத்துக்கொண்டு வார்டிலேயே 20 நிமிடம் பழக்குகிறார். கிழமைக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு 12 தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விசயம். ஒருநாள் துணி மடிப்பு மட்டும்: துணியைப் பாதியாக மடித்து, திரும்பவும் பாதியாக மடித்தால் கையளவில் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்ததைத் திருப்ப வேண்டும், எட்டும் முடிந்தால் துணியை அழுக்குக் கூடைக்குள் போட வேண்டும். பாவித்த துணியைத் திரும்ப வாளிக்குள் தோய்க்கவே கூடாது. இதைச் சொன்னால் இரண்டு நிமிடம். செய்யவைத்தால் 20 நிமிடமும் போதாது, ஏனென்றால் இருபது வருடமாகத் தோய்த்துப் பிழிந்த கை தானாகவே வாளியைத் தேடிப் போகும்.

இன்னொரு நாள் திசை மட்டும்: சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே. கழிவறை கடைசி. இன்னொரு நாள் குளோரின். 5 சதவீதத் திரவமாக இருந்தால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் விட 0.1 சதவீதம் வரும், அது மேற்பரப்புகளுக்கு. ஒரு பங்குக்கு 9 பங்கு விட 0.5 சதவீதம், அது இரத்தம் சிந்திய இடத்துக்கு. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாளியில் பெயின்ட்டால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தோம்: இந்தக் கோடு வரை தண்ணீர், இந்தக் கப்பில் ஒன்று மருந்து. அதற்குப் பிறகு யாரும் கணக்குக் கேட்கவில்லை. பவுடர் என்றால் பெட்டியில் எழுதிய வீரியத்தைப் பார்த்துத் தாதிதான் கோடு போட வேண்டும், ஒவ்வொரு பவுடரும் ஒவ்வொரு மாதிரி.

அழுக்கு இருக்கும் இடத்தில் குளோரின் சரியாக வேலை செய்யாது என்பதையும், ஊற்றியவுடன் துடைத்தால் பயனில்லை என்பதையும் வார்டில்தான் காட்ட முடியும். இரத்தத்தை முதலில் ஒற்றி எடுத்து, அந்த ஒற்றியதைத் தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதன் பிறகு கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஓர் ஊழியருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்றால்தான் விளங்கும். "சும்மா நிக்கிறாய்" என்று யாராவது திட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு. தகரக் கூரையின் கீழே வைத்த குளோரின் நம் சித்திரை வெயிலுக்கு வீரியம் இழந்துவிடும், நேற்றுக் கரைத்தது இன்றைக்கு உதவாது என்பதும் இந்த நாளுக்குள் வரும்.

பிறகு சரிபார்ப்பு. அமெரிக்காவில் 36 வைத்தியசாலைகளில் செய்து 2008 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையால் அடிக்கடி கை படும் இடங்களில் அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். முதலில் 48 சதவீத இடங்கள்தான் துடைக்கப்பட்டிருந்தன. அந்த முடிவை ஊழியர்களுக்கே காட்டிப் பழக்கிய பிறகு அது 77 சதவீதத்துக்கு ஏறியது. நம்மிடம் அந்த மை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. உடுப்புக் கழுவும் பவுடர்கள் பலவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும். அதைக் கரைத்துச் சின்னப் பொட்டாக வைத்துக் காயவிட்டு, கடைகளில் நோட்டுச் சரிபார்க்கும் அந்த டோர்ச்சால் அடுத்த நாள் பார்க்கலாம். பொட்டு இருந்தால் துடைக்கவில்லை. இதைத் தண்டிக்கப் பாவித்தால் எல்லாம் கெட்டுப்போகும். அவர்களிடமே டோர்ச்சைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நான் முதல் தரம் அப்படிச் செய்தபோது, வயது போன ஓர் அக்கா தான் துடைத்த கட்டில் கம்பியில் பொட்டு அப்படியே மின்னுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸி, தரை பளிச்செண்டு இருந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. கம்பிய ஆர் பாக்கிற?" அவர் சொன்னது முழுக்க உண்மை. அது வரை ஒருவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

செலவு: 40 பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு. மூன்று மாதத்தில் 96 வகுப்பு, தாதியின் நேரம் 32 மணித்தியாலம். ஊழியரின் நேரம் ஆளுக்கு நாலு மணித்தியாலப்படி 160. ஒருநாள் செயலமர்வைவிடக் குறைவு, வார்டும் நின்றுபோகாது. மண்டப வாடகை இல்லை, சாப்பாடு இல்லை. உண்மையான செலவு அந்தத் தாதியின் 32 மணித்தியாலம்தான். ஒரே தாதி முழு வைத்தியசாலைக்கும் பொறுப்பாக இருந்து, அறிக்கை வேலையும் அவர் தலையில் இருந்தால், நாலாவது கிழமையில் வகுப்பு நின்றுவிடும். இந்த வழி தோற்றுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

என்ன பாடம், எந்த ஒழுங்கில் என்று தெரியாதவர்கள் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் துப்புரவு ஊழியருக்கென்றே ஒரு பயிற்சித் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. பேச்சைவிடச் செய்துகாட்டுவதற்கே அதில் இடம் அதிகம். அப்படியே மொழிபெயர்க்காமல், நம் வாளிக்கும் தும்புத்தடிக்கும் ஏற்றபடி மாற்றி எடுக்க வேண்டும்.

வழி 4: ஊழியர்களுக்குள் ஒருவரை வழிகாட்டியாக்குவது

வார்டுக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்து நன்றாகப் பழக்கி, புதிதாக வருபவர்கள் முதல் கிழமை அவரோடு சேர்ந்து வேலை செய்ய வைப்பது. புது ஆள் பிரச்சினைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தாதியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அவரிடம் கேட்பார்கள். மொழிப் பிரச்சினையும் இல்லை. காத்தான்குடியில் ஒரு தாத்தாவும் (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) களுவாஞ்சிகுடியில் ஓர் அக்காவும் தங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொடுக்கும்போது, நாங்கள் ஒரு மணித்தியாலம் சொன்னதைவிட வேகமாக ஏறும்.

ஆனால் அவர் பிழையாகப் பழகியிருந்தால் பிழையும் அதே வேகத்தில் ஏறும். ஆகவே வழி 3 இல்லாமல் இதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொன்று, பொறுப்பைக் கூட்டிவிட்டுக் காசைக் கூட்டாமல் விடுவது அநியாயம். அரச சேவையில் சம்பளத்தை நாங்கள் மாற்ற முடியாது, சரி. அப்படியானால் கனமான வேலையைக் குறைத்தாவது கொடுக்க வேண்டும், பெயரையும் பொறுப்பையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வீடியோவும் வட்ஸ்அப்பும்

இதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. நினைவூட்டலுக்கு மட்டும் நல்லது. உங்கள் வார்டிலேயே, உங்கள் ஊழியரையே வைத்து, இரண்டு நிமிட வீடியோ எடுங்கள். நோயாளியின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் கணக்கில் வராமல் போவது

துணி. முப்பது கட்டில் வார்டில் கட்டிலுக்கு ஒரு துணி என்றால் காலைக்கு மட்டும் 30 வேண்டும். மார்கழி மழையில் துணி காய இரண்டு நாள் எடுக்கும், அப்படியானால் 90 கையிருப்பு. மூன்று துணியைக் கொடுத்துவிட்டு "கட்டிலுக்கு ஒன்று" என்று பாடம் நடத்தினால், அந்த ஊழியர் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்? பயிற்சிக் காசில் முதலில் துணி வாங்குங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஊசி. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்ஐவிக்கு அது 0.3 சதவீதம் அளவில்தான். தடுப்பூசி மூன்று தடவை: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். ஊசி குத்தினால் எங்கே ஓட வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும். குப்பைப் பைக்குள் ஊசி போட்டது தாதியோ டொக்டரோதான், குத்துப்படுவது தூக்குபவர். ஆகவே கூர்ப்பொருளுக்கான சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பெட்டியைப் பற்றிய வகுப்பில் தாதிகளையும் உட்காரவையுங்கள்.

தடித்த கையுறை. சோதனைக்குப் போடும் மெல்லிய கையுறை துப்புரவு வேலைக்குப் போதாது.

யாருக்கு எது

கல்முனைத் தம்பிக்கு: ஹோலை விடுங்கள். காசில் பாதிக்குத் துணி, கையுறை, அளவுக் கோடு போட்ட வாளி. மீதியில், தொடக்கமாக அரைநாள் மட்டும், உங்கள் வைத்தியசாலைக்குள்ளேயே. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆவுக்கு ஆட்கள் எழும்பிப் போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு வழி 3, நாலாவது மாதத்திலிருந்து வழி 4. வைத்திய அத்தியட்சகரிடம் முதலில் கேட்க வேண்டியது காசு அல்ல, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்குக் கிழமைக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம்.

டவுன் தனியார் வைத்தியசாலைக்காரருக்கு: நடைபாதை, வளவு, வெளிக் கழிவறை கொம்பனியிடம் இருக்கட்டும். சத்திரசிகிச்சைக் கூடம், பிரசவ அறை, ஐசியு, தனிமைப்படுத்தும் அறை ஆகியவற்றுக்கு உங்கள் 12 பேரில் நாலு பேரை நிரந்தரமாக்கி, வழி 3 இல் பழக்குங்கள். உங்களிடம் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி இல்லை என்றால், அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கிழமைக்கு ஒரு காலை வந்தாலே போதும். அடுத்த டெண்டருக்கு நான் மேலே சொன்ன ஐந்தையும் எழுத்தில் வையுங்கள்.

வாகரை, பொத்துவில் போலத் தூர இடத்தில் ஐந்தாறு துப்புரவு ஊழியர் மட்டும் உள்ள வைத்தியசாலைகளுக்கு: நல்லவர் ஒருவரை இரண்டு கிழமைக்குப் பெரிய வைத்தியசாலை வார்டு ஒன்றுக்கு அனுப்பிப் பழக்கி எடுப்பதே மலிவு. பஸ் காசையும் தங்கும் இடத்தையும் அவர் தலையில் போடாதீர்கள். அவர் திரும்பி வந்த அன்றே 0.1 கோடும் 0.5 கோடும் போட்ட இரண்டு வாளி அங்கே தயாராக இருக்கட்டும்.